ஹேர்ஸ்ட்மன்சூவில் ஓர் இரவு

இங்கிலாந்தின் தென்கரையிலே சசெக்ஸ் என்னும் பிரதேசம் உண்டு. இலண்டன் மாநகரின் விக்ரோரியா நிலையத்தில் புகையிரதம் ஏறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தெற்கு நோக்கிச் சென்றால் போல்கேற் என்னும் சிறு நிலையம் வரும். அங்கிருந்து மோட்டார் வண்டியிற் கிழக்கே திரும்பினோமானால், ஒரு புறம் ஓக் மரச் சோலைகளும் மறுபுறம் கடல்வரை பரந்து கிடக்கும் பெவென்சிச் சதுப்பு நிலமும் தோன்றும். பச்சைப் புற்றரையை வாய்க்கால்கள் வரப்புப் போலப் பிரித்துச் செல்ல, செம்மறியாடுகள் வெண்புள்ளிகளாய் மேய்ந்துகொண்டிருக்கும். நோர்மண்டி நாட்டு வில்லியம் 1066ஆம் ஆண்டில் தன் படையுடன் வந்திறங்கியது இந்தக் கரையிலேதான். இன்று அங்கே படையுமில்லை, ஆரவாரமுமில்லை. காற்று மட்டும் ஓயாமல் வீசுகின்றது.

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நாம் இவ்வழியே சென்றோம். எம்மை அழைத்துச் சென்றவன் எமது தமையனாரின் மகன். இருபது ஆண்டுகளாக இலண்டனிலே பொறியியற் தொழில் பார்ப்பவன். அவனுடன் வேலை செய்த ஒருவரின் உதவியால், சாதாரணமாக எவரும் நுழைய முடியாத ஒரு கட்டிடத்துக்குள் ஓர் இரவைக் கழிக்க எமக்கு அனுமதி கிடைத்திருந்தது. அங்கே பூமியிலிருந்து ஆகாயத்திற் பறக்கும் செய்மதிகளை நோக்கி லேசர்க் கதிரை ஏவுகிறார்கள் என்று அவன் சொன்னபோது நாம் முதலிற் போர்க்கருவி ஏதோ என்றுதான் எண்ணினோம். “இல்லைச் சித்தப்பா, இது அடிக்கிறதுக்கில்லை, அளக்கிறதுக்கு,” என்றான்.

ஊரின் பெயர் ஹேர்ஸ்ட்மன்சூ. நாவுக்கு வசப்படாத பெயர். ஊருக்குள் நுழைந்ததும் ‘ட்றக்’ எனப்படும் மரக்கூடைகள் விற்கும் கடை ஒன்றைக் கண்டோம். செஸ்நட் மரச் சட்டத்தில் வில்லோ மரப் பட்டிகைகளை வைத்துத் தைக்கும் இந்தக் கூடையை 1851இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியிலே இவ்வூர்த் தச்சர் ஒருவர் வைத்தார். விக்ரோரியா மகாராணியாரே விரும்பி வாங்கினாராம். எம்மூர்ப் பனையோலைக் கடகத்துக்கு இப்படியொரு மகாராணி வாய்க்கவில்லையே என்று எண்ணிக்கொண்டு மேலே நடந்தோம்.

சிறிது தூரத்தில் கோட்டை தெரிந்தது. 1441இல் கட்டத் தொடங்கிய செங்கற் கோட்டை அது. நாற்புறமும் அகழி, நீரிலே அதன் நிழல் அசையாமல் நின்றது. பகைவரைத் தடுக்கக் கட்டியது என்பதிலும் பார்க்கப் பார்ப்பவரை மயக்கக் கட்டியது என்று சொல்லலாம். நாம் சென்றபோது அது கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாய் இருந்தது. மாணவர்கள் சிலர் அகழிக் கரையிற் புத்தகமும் கையுமாய் அமர்ந்திருந்தனர்.

கோட்டையிலும் பார்க்க எம் மனத்தைக் கவர்ந்தவை அதற்கு அப்பால், மேட்டிலே, செப்புக் கூரை களிம்பேறிப் பச்சையாய் நின்ற ஆறு வட்டக் கூடாரங்கள். கிறீனிச் வானாய்வு நிலையம் என்று நாம் பள்ளிப் பருவத்திலே பூகோள பாடத்திற் படித்தோமல்லவா? இலண்டனின் புகையும் விளக்கொளியும் கிறீனிச்சின் வானத்தைக் கெடுத்துவிட்டமையால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நிலையத்தை இங்கே கொணர்ந்தனர். 1948இல் தொடங்கிய குடிபெயர்வு முடிய ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. பூச்சியம் பாகை நெடுங்கோடு கிறீனிச்சிலேயே தங்க, நட்சத்திரம் பார்ப்போரும் நேரம் காப்போரும் இங்கு வந்து சேர்ந்தனர்.

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து பீ. பீ. சி. செய்தி கேட்ட தலைமுறையினருக்கு, செய்திக்கு முன் ஒலிக்கும் அந்த ஆறு ‘பிப்’ ஒலிகள் நினைவிருக்கும். எமது தந்தையார் அவ்வொலி கேட்டதும் பேச்சை நிறுத்துவார். ஆறாவது ஒலியில் கைக்கடிகாரத்தின் முள்ளைச் சரி செய்வார். அதன் பின்பே வெற்றிலைத் தட்டத்தைக் கிட்ட இழுப்பார். 1957 முதல் 1990 வரை அவ்வொலிகளைப் பிறப்பித்த கடிகாரங்கள் இந்தத் தோட்டத்திலேதான் இருந்தன என்பதை இங்கு வந்த பின்பே அறிந்தோம். யாழ்ப்பாணத்து முன்விறாந்தையிலே ஒரு கடிகாரம் சரியாக ஓடியதற்கு இந்தச் செப்புக் கூரைகளும் ஒரு காரணம் என்று எண்ணியபோது அந்நிய இடம் அந்நியமாய்த் தோன்றவில்லை.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 1956ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அரச வானியலாளர் பதவியை ஏற்க அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கிய றிச்சார்ட் வூலி என்பவரிடம், விண்வெளிப் பயணம் பற்றிப் பத்திரிகையாளர் கேட்டனர். அது சுத்தப் பிதற்றல் என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி ருஷியாவின் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கிற்று! வூலி சிறந்த வானியலாளர். இந்நிலையத்தை 1971 வரை நடத்தியவர். ஆயினும் அந்த ஒரு சொல்லே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் உலாவிய தோட்டத்திலேயே இன்று செய்மதிகளை அளக்கிறார்கள்.

இங்கிலாந்தின் மேகம் இலண்டன் புகையிலும் பொல்லாதது. 1967இல் எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்த ஐசக் நியூட்டன் தொலைகாட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் முகிலோடு மல்லாடிய பின் கழற்றப்பட்டுக் கனாரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவுக்குச் சென்றது. அதன் பெருங்கூடாரம் மட்டும், தேர் இல்லாத தேர்முட்டி போல, இங்கே நிற்கின்றது. 1990இல் வானாய்வு நிலையமும் கேம்பிறிட்ஜுக்குப் போயிற்று. 1998இல் அது மூடப்பட்டும் விட்டது. எல்லாரும் போன பின்னும் போகாமல் இருந்தது ஒரு சிறு குழு. அவர்களே 1983இல் இங்கு லேசர் அளவையைத் தொடங்கியவர்கள். 1983 என்ற ஆண்டை எம்மவர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஆண்டில் உலகின் ஒரு மூலையில் சிலர் இவ்வளவு அமைதியான தொழிலொன்றைத் தொடங்கியிருந்தனர் என்பது எமக்கு ஒரு கணம் விசித்திரமாய்ப் பட்டது.

மாலை ஏழரை மணிக்கு லேசர்க் கட்டிடத்தை அடைந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. தாழ்ந்த கட்டிடம், மேலே சிறு கூடாரம், அதற்குள்ளே அரை மீற்றர் விட்டக் கண்ணாடியுடைய தொலைகாட்டி. அன்றிரவு முறைக்கு இருந்தவர் ஓர் இளைஞர். கம்பளிச் சட்டையும் தேநீர்க் கோப்பையுமாய் எம்மை வரவேற்றவர், வானத்தை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். முகில் மூடியிருந்தது. லேசர் முகிலைத் துளைக்காது. ஆகவே காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்கு மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் அவ்வளவு நேரமும் பயனின்றிக் கழியவில்லை.

அவர் சொன்னவற்றை எமக்கு விளங்கியவாறு இங்கு தருகிறோம். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதனை ஒரு முறைக்கு இரு முறை வாசிப்பார்களாக.

கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, நீரில் விழும் ஓசை வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ணி ஆழத்தை மதிப்பிடுவதுண்டு. இங்கு நடப்பதும் அதைப் போன்றதே. கல்லுக்குப் பதிலாக ஒளி. கிணற்றுக்குப் பதிலாக வானம். ஒளி புறப்பட்ட நேரத்தையும் செய்மதியிற் பட்டுத் திரும்பி வந்த நேரத்தையும் குறித்தால் தூரம் தெரிந்துவிடும். முறை எளிது. ஆனால் ஒளியோ செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஒரு செக்கனை முப்பதாயிரம் கோடிக் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்தில் ஒளி ஒரு மில்லிமீற்றரைக் கடந்துவிடும். இவர்கள் அளக்க விரும்புவதோ மில்லிமீற்றர்க் கணக்கில். ஆதலால் நேரமானி எவ்வளவு நுட்பமானதாக இருக்கவேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இம்முறையை முதன்முதல் செய்து காட்டியவர்கள் அமெரிக்கர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி, எக்ஸ்புளோரர் 22 என்னும் செய்மதியிலிருந்து லேசர் ஒளி திரும்பி வந்தது. ஐந்தாண்டுகளில் சந்திரனையும் அவ்வாறு அளந்தனர். அப்பலோ 11இல் சென்றவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடித் தட்டில் ஒளி பட்டுத் திரும்ப இரண்டரைச் செக்கன் ஆகும். சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் எம்மை விட்டு விலகுகின்றது என்பதை இந்த அளவையே உறுதிப்படுத்திற்று. ஹேர்ஸ்ட்மன்சூவில் சந்திரனை அளப்பதில்லை. இவர்களது கவனம் செய்மதிகளிலேயே.

செய்மதியிற் பட்ட ஒளி வந்த வழியே திரும்புவது எப்படி? சாதாரணக் கண்ணாடியானால் எங்கோ தெறித்துப் போய்விடும். மூன்று கண்ணாடிகளை அறையின் மூலை போல ஒன்றுக்கொன்று செங்குத்தாய்ப் பொருத்தினால், எத்திசையிலிருந்து ஒளி நுழைந்தாலும் அத்திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பும். துவிச்சக்கர வண்டியின் பின்புறச் சிவப்பு வில்லையைத் தட்டிப் பார்த்தால் அதற்குள்ளே இத்தகைய சிறு மூலைகள் நிறைந்திருப்பதைக் காணலாம். இருட்டில் மோட்டார் வண்டியின் விளக்குப் பட்டதும் அது பளிச்சென்று அந்த வண்டிக்காரனின் கண்ணுக்கே ஒளிர்வதன் இரகசியம் இதுதான்.

இவ்வாறான 426 மூலைக் கண்ணாடிகளை உடலெங்கும் பதித்த ஓர் உருண்டை ஆகாயத்திலே சுற்றுகின்றது. லேஜியோஸ் என்பது அதன் பெயர். 1976ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி நாசா நிறுவனம் அனுப்பியது. விட்டம் 60 சென்ரிமீற்றர். நன்றாய் முற்றிய பலாப்பழத்தின் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நிறையோ 407 கிலோகிராம்! உள்ளே பித்தளைக் கரு, வெளியே அலுமினியம். அதற்குள் இயந்திரமில்லை, மின்கலமில்லை, வானொலியில்லை. பழுதடைவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. 5,900 கிலோமீற்றர் உயரத்திலே, காற்றின் தடை அநேகமாய் இல்லாத இடத்திலே, சும்மா சுற்றுவதே அதன் வேலை. அது பூமிக்குத் திரும்ப 84 இலட்சம் ஆண்டுகள் செல்லும் என்று கணித்திருக்கிறார்கள். அக்காலத்தில் இங்கு யார் இருப்பரோ என்று எண்ணி, கார்ள் சேகன் என்னும் வானியலாளரைக் கொண்டு ஒரு தகட்டை வரைவித்து உள்ளே வைத்துள்ளனர். பண்டை நாளில் கண்டங்கள் ஒன்றாய் ஒட்டியிருந்த படம், இன்று இருக்கும் படம், அது விழும் காலத்தில் அவை எப்படி விலகியிருக்கும் என்ற படம் என மூன்று உலகப் படங்கள் அதில் உண்டு. இதுவரை எழுதப்பட்ட கடிதங்களுள் மிகத் தாமதமாய்ச் சேரப்போவது இதுவாய்த்தான் இருக்கும்.

நிலம் நகர்கிறது என்பது வெறுங்கதை அன்று. நாம் அமர்ந்திருந்த நாற்காலி, கட்டிடம், கோட்டை, செம்மறியாடு யாவும் வடகிழக்காக ஆண்டுக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. எமது இலங்கையோ அதனிலும் விரைவாக நகர்கின்றது. பூமியிலுள்ள எதுவும் நிலையாக நிற்காதபோது எதை வைத்து எதை அளப்பது? இங்கேதான் அந்த ஊமை உருண்டை உதவுகின்றது. அது சுற்றுவது பூமியின் நிறை மையத்தை. உலகின் பல இடங்களிலுள்ள லேசர் நிலையங்கள் அதனை அளந்துகொண்டே இருந்தால், அந்த மையம் எங்கே இருக்கிறதென்று மில்லிமீற்றர்க் கணக்கிற் கூறலாம். உலகத்து அளவைகளுக்கெல்லாம் தொடக்கப் புள்ளியாய் விஞ்ஞானிகள் கொள்வது இந்த மையத்தையே.

“அது எங்களுக்கு ஏன்?” என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். இளைஞர் கடலைப் பற்றிச் சொன்னார். 1992இல் ஏவப்பட்ட ரொபெக்ஸ் பொசைடன், அதன் பின் வந்த ஜேசன் முதலிய செய்மதிகள் மேலிருந்து ராடர் அலையைக் கடல்மேல் அனுப்பி நீர்மட்டத்தை அளப்பவை. செய்மதி நிற்கும் உயரமே பிழையானால் கடலின் உயரமும் பிழையாகும் அல்லவா? வானொலி முறைகளாலும் அவ்வுயரத்தைக் கணிக்கிறார்கள். லேசர் அவற்றுக்கெல்லாம் உரைகல். 1993 முதலான 30 ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கின்றது. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் கண்டுபிடிக்க, அளவுகோலின் அடி அசையாமலிருப்பது அவசியம். நெடுந்தீவிலும் காரைநகரிலும் வாழ்பவர்களுக்கு மில்லிமீற்றர் சிறிய கணக்கன்று. எமது குடாநாட்டின் நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாய் மிதப்பது; கடல் ஏறினால் முதலில் அறிவது எம்மவரின் கிணறுதான்.

இங்கே அவர்கள் நாணயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய நேரமானிகள் தூரத்தைச் சில மில்லிமீற்றர் பிழையாகக் காட்டி வந்தன என்பதை இந்நிலையத்தாரே ஆராய்ந்து கண்டுபிடித்து, 2006இல் உலக விஞ்ஞானிகளுக்கு அறிவித்தனர். எவரும் குற்றம் கூறி அவர்கள் அதைச் செய்யவில்லை. புதிய நேரமானியை அமைத்துப் பழைய அளவுகளையும் திருத்தினர். கடையிலே படிக்கல்லின் குறைவைக் கடைக்காரனே சொல்லி, பத்து ஆண்டுக் கணக்கைத் திருத்தித் தருவதை நாம் எங்கே கண்டிருக்கிறோம்!

அப்போதுதான் எமது பெறாமகன், அதுவரை பேசாதிருந்தவன், ஒரு கேள்வி கேட்டான். “2004 டிசெம்பர் 26இல் அந்தச் செய்மதிகள் எங்கே இருந்தன?”

அவன் ஏன் கேட்டான் என்பது எமக்குத் தெரியும். எமது தமையனார் அன்று காலை வடமராட்சி கிழக்குக் கரையிலே தம் நண்பரைக் காணச் சென்றிருந்தார். மூன்று நாட்களின் பின்பே அவரைக் கண்டெடுத்தோம். மகன் இலண்டனில் இருந்தான். தொலைக்காட்சியிலே அலையைப் பார்த்துக்கொண்டிருந்தானேயன்றி, தந்தையைப் பற்றிய செய்தி வரவில்லை.

இளைஞருக்கு இதெல்லாம் தெரியாது. ஆயினும் அந்தத் திகதியைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின், ஜேசன் 1, ரொபெக்ஸ் பொசைடன் ஆகிய இரண்டும் தற்செயலாக இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்றன என்றார். ஆழ்கடலில் ஓடிய அலையை அவை அளந்தன. அதன் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவே. ஆழ்கடலில் முழங்கால் அளவு உயர்ந்த நீர்தான் கரையை அடைந்ததும் பனை உயரத்துக்குச் சீறிற்று.

“அப்படியானால் அவை கண்டன,” என்றான் இவன்.

கண்டன; ஆனால் சொல்லவில்லை. அளவுகள் தரைக்கு இறங்கி, விஞ்ஞானிகள் கையிற் சேர்ந்து, கணக்கிட்டு முடியப் பல மணி நேரம் ஆயிற்று. செய்மதி அலையின் மேலாகச் சென்ற அதே வேளையில் அலை எமது கரையை அடைந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை செய்வதற்காக அமைந்த செய்மதிகள் அவையல்ல. அலையின் வடிவை முதன்முறையாக அவ்வளவு துல்லியமாகக் காட்டியதால், பின்னர் எச்சரிக்கைக் கணக்குகளைச் சீர்ப்படுத்த அந்த அளவுகள் உதவின. இவ்வளவையும் இளைஞர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திச் சொன்னார். சொல்லி முடித்த பின் மூவரும் நெடுநேரம் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தின் கீழே கணினி ஒன்று, அடுத்து வரும் செய்மதிகளின் பெயர்களையும் நேரத்தையும் வரிசையாய் எழுதிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணியளவில் கடற்காற்று திரும்பியது. கதவைத் திறந்து வெளியே சென்ற இளைஞர், “வாருங்கள்!” என்று கைகாட்டினார். மேற்கே முகில் கிழிந்து நட்சத்திரங்கள் தெரிந்தன. கூடாரத்தின் வாய் திறந்தது. முதலில், அளந்தறிந்த தூரத்தில் நாட்டிய ஓர் இலக்கை நோக்கிக் கதிரை ஏவித் தம் கருவியைச் சோதித்தார். அதன் பின் தொலைகாட்டி வானத்தை நோக்கிச் சாய்ந்தது.

அடுத்த கணம், பச்சைக் கோடு ஒன்று எழுந்தது.

சுருதி பிசகாத தம்புரா நரம்பு போல, தடித்தலும் மெலிதலும் இன்றி நேரே மேலே சென்றது. காற்றிலுள்ள தூசியும் மூலக்கூறுகளும் சிதறச் செய்வதாலேயே அது கண்ணுக்குத் தெரிகின்றது. காற்று முடியும் இடத்தில் கோடும் முடிந்தாற்போலத் தோன்றும். ஆனால் ஒளி முடிவதில்லை. நாம் கழுத்து வலிக்க நோக்கி நின்றோம். கதிர் அசையாமல் நிற்பதாகவே முதலிற் பட்டது. ஓக் மரக் கிளையொன்றை அடையாளம் வைத்துப் பார்த்தபோது, அது செய்மதியைப் பின்பற்றி மெல்ல மெல்ல நகர்வது தெரிந்தது. அந்தக் கோட்டின் நுனியிலே லேஜியோஸ் சென்றுகொண்டிருந்தது. எமது கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை, வெறும் இருள்.

உள்ளே வந்து திரையைப் பார்த்தோம். செக்கனுக்கு ஆயிரத்துக்குக் குறையாத ஒளித்துடிப்புகள் புறப்படுகின்றன. ஒரு துடிப்பு லேஜியோஸுக்குப் போய் வரச் செக்கனில் இருபதில் ஒரு பங்கு ஆகும். முதலாவது திரும்புமுன் ஐம்பதேனும் வழியில் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கோடி கோடிக் கணக்கான ஒளித்துணிக்கைகள் புறப்பட்டாலும், திரும்பி வந்து சேருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. வந்தால் ஒன்றே ஒன்று. அதற்கு மேல் வராதபடி இவர்களே வேண்டுமென்று ஒளியைக் குறைத்தும் விடுகிறார்கள். ஒரே ஒரு துணிக்கையை வைத்து அளப்பதே பிழையற்ற அளவு என்பது இந்நிலையத்தின் கொள்கை.

வானத்திலும் வேறு ஒளிகள் உண்டாகையால், திரையிலே புள்ளிகள் மழைத் தூறல் போல ஒழுங்கின்றி விழுந்தன. நமக்கு ஒன்றும் புலப்படவில்லை. இளைஞர் ஏதோ விசையைத் தட்டித் தொலைகாட்டியை மயிரிழை நகர்த்தினார். மறுபடியும் தூறல். மறுபடியும் நகர்த்தினார். தூறலுக்கு நடுவே நான்கைந்து புள்ளிகள் ஒரே வரிசையில் நின்றன. பின்பு பத்து. பின்பு நூறு. சிறிது நேரத்தில், கோலப் புள்ளிகளை இணைத்தாற்போல ஒரு கோடு திரையிலே ஓடியது. “அதுதான்,” என்றார். எமது பெறாமகன் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகே சென்று நின்றான்.

திடீரெனக் கோடு அறுந்தது. ஏதோ பழுதென்று நாம் திடுக்கிட்டோம். பழுதில்லை, ஆகாய விமானம். கட்வீக் விமான நிலையத்துக்குச் செல்லும் விமானங்கள் இந்த வானத்தைக் கடப்பதுண்டு. தொலைகாட்டி நோக்கும் திசையையே ராடர் ஒன்றும் நோக்கிக்கொண்டிருக்கிறது. விமானம் கதிரை அணுகுமுன் லேசர் தானே நின்றுவிடும். விமானியின் கண்ணில் ஒரு கணம் ஒளி பட்டாலும் அவருக்கு வழி தெரியாது போகும். கடையில் வாங்கும் கைலேசரை விளையாட்டாக விமானத்தின் மேல் காட்டும் இளைஞர்களுக்கு இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறைத் தண்டனை விதிக்கின்றது. அது நியாயமே. சில செய்மதிகளுக்கும் மென்மையான கண்கள் உண்டு. அவை நேர் மேலே வரும்போது கதிர் அனுப்பக் கூடாதென்று நிலையங்களுக்குள் உடன்பாடு இருக்கின்றது. விமானத்தின் சிவப்பு விளக்கு மரங்களுக்கு அப்பால் மறைந்ததும் பச்சைக் கோடு மறுபடி எழுந்தது.

நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம் ஆனபோது முகில் திரும்பவும் மூடியது. அன்றிரவின் அறுவடை, அரைமணிக்கும் குறைவான அளவு. அதுவும் நல்ல இரவுதான் என்று இளைஞர் சொன்னார். அடுத்த செய்மதி வருமுன் தேநீர் போடலாமென்றவரிடம் நன்றி கூறி விடைபெற்றோம். அவர் விடியும்வரை அங்கே இருப்பார்.

வண்டி நின்ற இடத்துக்கு இருட்டிலே நடந்தோம். சதுப்பு நிலத்திலிருந்து ஆடொன்று கத்தியது. படலையடியில் எமது பெறாமகன் நின்று கைத்தொலைபேசியை எடுத்தான். ஊரில் அப்போது ஐந்து மணிக்குச் சற்று முன். தாயார் அந்நேரம் எழுந்து கிணற்றடிக்குப் போயிருப்பார் என்பது அவனுக்குத் தெரியும். அலை வந்த ஆண்டில் உவர்ப்பாய்ப் போன கிணறு அது. பல முறை இறைத்து, மாரிகள் சில கடந்த பின்பே அந்த நீரைக் குடிக்கத் தொடங்கினார்கள்.

“அம்மா, கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடி இருக்கு? உவர்க்கேல்லைத்தானே?” என்று கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு. இந்தச் சாமத்திலை கிணத்தைப் பற்றிக் கேக்கிறாய், உனக்கு நித்திரை வரேல்லையா?” என்று அண்ணியார் கேட்டது, அருகில் நின்ற எமக்கும் கேட்டது.